முத்தக்காவுக்குப் பிடித்த கணினி

தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில், மீன்பிடிக் கலப் பதிவு மற்றும் கரையோர நல்வாழ்வு உதவி அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அந்த அலுவலகத்துக் கணினிகளெல்லாம் ஒரு நாள் காலையில் விடுதலை பெற்றன.

சும்மா இல்லை, சென்னையிலிருந்து ஆணை வந்து பெற்ற விடுதலை. அதுவரை ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் இயங்குதளம்தான் அவற்றில் ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் அது வேண்டாம், திறந்த மூல இயங்குதளம் போதும், அது எல்லாருக்கும் சொந்தம், யார் வேண்டுமானாலும் அதன் உள்ளே பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஆணையில் கண்டிருந்தது. அதற்கு 'முத்து' என்று பெயரும் வைத்தார்கள். தூத்துக்குடியில் முத்துக்குளித்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் அரசாங்கம் எதற்காவது பெயர் தேடுகிறபோது மட்டும் இந்தக் கடலில் முத்து விளைந்துவிடும்.

முத்து நல்ல இயங்குதளம்தான். வைரஸ் வராது, பாதி வேலையில் நின்று போகாது. குறை ஒன்றுதான், அலுவலகத்தில் யாரும் அதைத் தொடவில்லை. பழைய பொத்தான் பழைய இடத்தில் இல்லை என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். செய்தி சென்னைக்குப் போயிற்று. "பயனர்களிடையே மேற்படி இயங்குதளத்தின்பால் நட்புணர்வு குன்றியுள்ளமை கவனத்திற்கு வந்துள்ளது" என்று பதில் வந்தது. நட்பை வளர்ப்பதற்காக, கணினித் தோழமைச் சிறப்பு அலுவலர் என்ற பதவியில் பிரத்யும்னன் என்பவரும் வந்து சேர்ந்தார்.

ஆழ்வார்திருநகரிக்காரர், மில்லர்புரத்தில் வாடகை வீடு. யாரையும் ஒரு சொல் அதட்டிப் பேச மாட்டார். இணை இயக்குநராகப் பதவி உயர்வு இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்று பல வருஷமாகக் காத்திருந்தவர். அதட்டாதவர்களுக்கு அது அப்படித்தான் வரும்.

இந்த நட்பெல்லாம் நடந்துகொண்டிருக்கிற சமயத்தில்தான் புன்னைக்காயலிலிருந்து பஸ் ஏறி வந்தாள் அமலோற்பவம்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். அவள் பேரில்தான் வள்ளம் இருந்தது. வள்ளத்தின் பதிவுக் காலம் முடிந்துபோயிருந்தது. கடலோரப் போலீஸ்காரர்கள் வழியில் மறித்து, புதுச் சான்றிதழ் இல்லாமல் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அவள் புருஷன் ரோச்சைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு மணலில் ஏறிய வள்ளம்தான். வெளியே சீலா மீன் வாரிக்கொண்டு வருகிறது, பக்கத்து வீட்டுக் குசினியில் குழம்பு கொதிக்கிறது, ரோச் வாசலில் உட்கார்ந்து கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறான். எதற்கும் கவலைப்படுகிற சுபாவம் அவளுக்கு. கவலைப்படுவதற்கு உண்மையிலேயே ஒரு விஷயம் கிடைத்தால் சும்மா இருப்பாளா. பஸ்ஸிலேயே பாதி உயிர் போய்விட்டது.

"இப்ப முடியாதுக்கா" என்றான் கணினி இயக்குகிற செல்வின்.

"ஏம் தம்பி, கரண்டு இல்லையா?"

"கரண்டு இருக்கு. கம்ப்யூட்டர் இப்பதான் மக்களோட பழகிட்டு இருக்கு. பழகி முடிஞ்சதும் வாங்க."

"நான் வேணா பழகுதேன். எனக்கு அந்தச் சான்றிதழைக் குடு."

இது பிரத்யும்னன் காதில் விழுந்தது. அவர் அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். சாதாரணப் பயனர் ஒருவரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. சாதாரணமான ஆள் கிடைக்காமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. உங்களுக்காகத்தான் இவ்வளவும்" என்று உள்ளே அழைத்துப்போனார்.

உள்ளே ஜான்ஹவி இருந்தாள். சென்னையிலிருந்து வந்த ஆலோசகர். அவள் முதுகுக்குப் பின்னால் சுவர் நிறைய ஒரு படம். இடுப்பில் குடம், தலையில் மீன் கூடை, மூக்கில் முத்து மூக்குத்தி, வாய் நிறையச் சிரிப்போடு ஒரு பெண்.

"இது யாரும்மா?" என்றாள் அமலோற்பவம்.

"இவங்கதான் முத்தக்கா. நம்ம பயனர். இந்தக் கரையில இருக்கிற எல்லாப் பெண்களையும் ஆராய்ச்சி பண்ணி உருவாக்கினது. முத்தக்காவுக்கு எது பிடிக்குமோ அதைத்தான் கணினியில வைப்போம்."

"எந்த ஊரு இவ? குடத்தையும் கூடையையும் சேத்துத் தூக்கிட்டு எங்க போறா?"

"முத்தக்கா உண்மையில கிடையாதுக்கா. ஆனா எல்லாருமே முத்தக்காதான்."

அமலோற்பவத்துக்கு விளங்கவில்லை. விளங்காத இடத்தில் கரைக்காரர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தாள்.

"நல்லாருக்கும்மா" என்றாள்.

வந்த இடத்தில் எது காட்டினாலும் நல்லாருக்கு என்பது அந்தப் பக்கத்து மரியாதை. சோற்றில் உப்பில்லாவிட்டாலும் நல்லாருக்கு. ஆகவேண்டிய காரியம் ஒன்று இருந்தால் இன்னும் ரொம்ப நல்லாருக்கு. ஜான்ஹவி உடனே மடிக்கணினியில் அதைப் பதிந்துகொண்டாள்.

பிறகு சோதனை தொடங்கிற்று. கணினியைத் தட்டியதும் திரையில், "வணக்கம் முத்தக்கா, சாப்பிட்டீங்களா?" என்று வந்தது. செல்வின் 'இல்லை' என்பதை அமுக்கினான். "சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்று திரை அணைந்துபோயிற்று. அரை மணி நேரம் எல்லாரும் காத்திருந்தார்கள்.

அடுத்த தடவை அமலோற்பவமே 'சாப்பிட்டாச்சு' என்பதை அமுக்கினாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்காத வயிறு அது. அவள் விண்ணப்பம் திரையில் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் வள்ளத்தையே பார்த்த மாதிரி அவள் கண் கலங்கிவிட்டது. கீழே வரிசையாகப் படங்கள், சிப்பி, நங்கூரம், வலை.

"இதைப் பத்திரமா வைக்கணும்னா எந்தப் படத்துல போடுவீங்க?" என்று கேட்டாள் ஜான்ஹவி.

இதில் கேட்க என்ன இருக்கிறது. அமலோற்பவம் விண்ணப்பத்தை இழுத்துக்கொண்டுபோய் வலையில் போட்டாள். விண்ணப்பம் மறைந்தது.

செல்வின் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, அது குப்பைத் தொட்டி."

"வலையா?"

"குப்பைத் தொட்டிப் படம் முத்தக்கா மனசைப் புண்படுத்தும்னு வலையா மாத்திருக்கோம்" என்றாள் ஜான்ஹவி.

"வலையில விழுந்தது வீட்டுக்கு வாரதுக்குத்தானம்மா. எவளாவது வலையில பட்டதைத் தூரப் போடுவாளா?"

ஜான்ஹவி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். முத்தக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். "முத்தக்காவுக்கு இதுல குழப்பம் வரலையே" என்றாள். "பயனர் தயக்கமின்றி வலையைப் பயன்படுத்தினார்" என்று பதிவாயிற்று.

அமலோற்பவம் மறுபடியும் விண்ணப்பம் கொடுத்தாள். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒரே ஒரு குறை சொன்னாள். அடுத்த வாரம் போனபோது எழுத்தே இல்லை. எழுத்துதானே சிரமப்படுத்துகிறது என்று எடுத்துவிட்டார்கள். மணி அடிக்கிற சத்தத்தில் நெஞ்சு திடுக்கிடுகிறது என்றாள். ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டார்கள். விண்ணப்பப் பெட்டியைத் திறந்தால் கறுப்புத் திரை வந்து பயமுறுத்துகிறது என்றாள். பெட்டி போயிற்று.

செல்வின் அவளைத் தனியே கூப்பிட்டான். "அக்கா, கையெடுத்துக் கும்பிடுதேன். இங்கன குறை மட்டும் சொல்லாதீங்க. குறை சொன்ன சாமான் நிக்காது. நாற்காலி ஆடுதுன்னு நான் சொன்னேன். ரெண்டு மாசமா நின்னுகிட்டுதான் வேலை பாக்கேன்."

அவள் பிரத்யும்னனிடம் போனாள். "சார், இதை யார் வேணாலும் திருத்தலாம்னு ஆணையில இருக்காமே."

"ஆமாம்மா. அதுதான் இதோட பெருமையே."

"அப்ப என் வள்ளத்துக்குப் பதிவைத் திருத்திக் குடுங்க சார்."

பிரத்யும்னன் வருத்தமாகச் சிரித்தார். "யார் வேணும்னாலும் திருத்தலாம்மா. ஆனா யார் திருத்தறதுன்னு ஆணை வரலையே."

அந்த மாதக் கடைசியில் சென்னையிலிருந்து இயக்குநர் பார்வையிட வந்தார். அமலோற்பவத்தையும் வரச்சொல்லிக் கணினி முன்னால் உட்காரவைத்தார்கள். படங்களெல்லாம் குறைந்து குறைந்து திரையில் ஒரே ஒரு படம்தான் பாக்கி இருந்தது, ஒரு பெரிய வெள்ளை முத்து. அவள் அதைத் தொட்டாள். அச்சுப்பொறி கொஞ்ச நேரம் முனகிவிட்டு ஒரு காகிதத்தைத் தள்ளிற்று. அரசு முத்திரை, கையெழுத்து, எண், எல்லாம் அச்சாக இருந்தன. பதிவுச் சான்றிதழ். உரிமையாளர்: முத்தக்கா. கலத்தின் பெயர்: முத்து.

"மாதிரிக்கு அடிச்சது" என்று செல்வின் அவள் காதருகே முணுமுணுத்தான். "சார் பாக்கும்போது அசலாத் தெரியணும்னு முத்திரையும் போட்டு வச்சிருக்கோம். அது ஒண்ணுதான் வரும். வேற எதுவும் வராது."

"ஒரே தொடுதல்ல வேலை முடிஞ்சிடுச்சே" என்று இயக்குநர் வியந்தார். "எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்கு சார்" என்றாள் அமலோற்பவம்.

காகிதத்தை ஞாபகார்த்தமாக அவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் ரோச் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"முத்திரை இருக்கா?"

"இருக்கு."

"கையெழுத்து?"

"அதுவும் இருக்கு. பேருதான் நம்ம பேரு இல்லை."

ரோச் எழுந்து போய்ப் பெயிண்டு டப்பாவையும் பிரஷையும் எடுத்தான். "ஏளா, அரசாங்கத்துக் காகிதத்தை மாத்த நம்மால ஆவாது. வள்ளத்தை மாத்தலாம்லா. நாளையிலருந்து நீ முத்தக்கா. அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டா ஏன்னு கேக்கணும், தெரிஞ்சுக்கோ."

கடலோரப் போலீஸ்காரர் சான்றிதழைப் பார்த்தார், வள்ளத்துப் பக்கவாட்டைப் பார்த்தார். இரண்டிலும் முத்து. "போங்க" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் அமலோற்பவம் வீட்டுக் குசினியிலும் சீலாக் குழம்பு கொதித்தது.

குழம்பு மணம் ஒரு வீட்டோடு நிற்குமா. அடுத்த நாளே பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் பஸ் ஏறினாள். பிறகு ஜெஸ்டின் போனான், அவன் மச்சான் போனான். பதிவுக் காலம் முடிந்தவர்கள், முடியப்போகிறவர்கள், பதிவே செய்யாதவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு முத்தைத் தொட்டார்கள். புன்னைக்காயலில் தச்சர்களுக்கும் பெயிண்டர்களுக்கும் ஓய்வில்லை. கரையில் எந்த வள்ளத்தைப் பார்த்தாலும் முத்து. கடலுக்குள் நின்று 'முத்து எங்கலே' என்று கத்தினால் சுற்றியுள்ள எல்லாரும் கையைத் தூக்கினார்கள். "இத்துணைக் குறுகிய காலத்தில் இத்துணைப் பயனர்கள் இன்முகத்தோடு அணுகிய இயங்குதளம் பிறிதொன்றில்லை" என்று அலுவலகத்து அறிக்கை சென்னைக்குப் போயிற்று. புகார் ஒன்றுகூட இல்லை. புகார்ப் பெட்டி இடைஞ்சலாக இருக்கிறது என்று யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள்.

கச்சான் காற்று தொடங்கிற்று. அந்த மாதங்களில் கடலுக்குப் போக முடியாத வீடுகளுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் நிவாரணம் வரவில்லை. அறிவிப்புதான் வந்தது. மேற்படிக் கிராமத்தின் கலங்கள் யாவும் முத்தக்கா என்னும் ஒருவருக்கே சொந்தம், அவர் பெருமுதலாளி ஆகையால் நிவாரணத்துக்குத் தகுதியற்றவர், ஏனையோர் கலமே இல்லாதவர்கள் ஆகையால் அவர்களும் தகுதியற்றவர்கள் என்று அதில் இருந்தது.

ஊரே அமலோற்பவம் வாசலில் கூடிவிட்டது.

"நீதான முதல்ல ஆரம்பிச்சது" என்றாள் ஞானபாக்கியம். "போய்ச் சொல்லு. இது நாசமாப் போன கம்ப்யூட்டருன்னு சொல்லு. விழா வருதுல்லா, மேடையிலயே சொல்லு."

விழா என்றது தோழமை விருது விழா. சிறந்த பயனர் என்று பேச அமலோற்பவத்தை அழைத்திருந்தார்கள். அவளுக்கு அன்றிரவெல்லாம் தூக்கமில்லை. சொன்னால் என்ன ஆகும்? குறை சொன்ன சாமான் நிற்காது. இருக்கிறது அந்த ஒரே ஒரு முத்துதான். அதையும் எடுத்துவிட்டால் காற்று ஓய்ந்த பிறகு ஒரு வள்ளமும் இறங்காது. சொல்லாவிட்டால் இந்தக் காற்றுக் காலம் முழுக்கப் பட்டினி. எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் கவலையாக இருந்தது.

விழாவில் பந்தலும் சால்வையும் இருந்தன. மேடையில் இயக்குநர், ஜான்ஹவி, பிரத்யும்னன், அவர்களுக்கு மேலே முத்தக்காவின் பெரிய படம். முன்வரிசையில் புன்னைக்காயல் முழுவதும் அமலோற்பவத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கம்மா, கணினி எப்படி இருக்கு?"

அவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். மேடைக்குக் கீழே செல்வின் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் நாற்காலி வரவில்லை.

"நல்லாருக்கு சார்" என்றாள்.

ரோச்தான் முதலில் கையைத் தட்டினான். அவனைப் பார்த்து ஜெஸ்டின் தட்டினான். கடைசியில் ஞானபாக்கியமும் தட்டினாள். இந்த ஆரவாரத்தைக் கண்டு மனம் நெகிழ்ந்த இயக்குநர், எல்லாக் கடலோர மாவட்டங்களுக்கும் முத்து விரிவாக்கப்படும் என்று அங்கேயே அறிவித்தார்.

"இன்னொரு மகிழ்ச்சியான செய்தி" என்று ஓர் உறையைப் பிரத்யும்னனிடம் நீட்டினார். "உங்க பதவி உயர்வு ஆணை. நம்ம முத்துவிலேயே அடிச்சது."

பல வருஷமாகக் காத்திருந்த உறை. பிரத்யும்னன் பிரித்து வாசித்தார். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. முத்தக்கா அவர்கள் இணை இயக்குநராகப் பதவி உயர்வு அளிக்கப்படுகிறார் என்றும் இருந்தது.

அவர் இன்னொரு தடவை வாசித்தார். மேலே படத்தில் சிரிக்கிறவளைப் பார்த்தார். பக்கத்தில் சால்வையோடு நின்ற அமலோற்பவத்தைப் பார்த்தார். அவள் யாருக்கும் தெரியாமல் மெல்லத் தலையை ஆட்டி, குறை சொல்ல வேண்டாம் சார் என்று சாடை காட்டினாள்.

"என்ன பிரத்யும்னன், எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார் இயக்குநர்.

பிரத்யும்னன் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"நல்லாருக்கு சார்" என்றார்.