துளி ஐயாவும் என் அப்பக் கடையும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ கப்பல் வந்து போயிருக்கு. துளி ஐயாவைப் போல ஒரு கஞ்சனை ஒரு கப்பலும் இறக்கியிருக்காது.

என் அப்பக் கடைக்குப் பக்கத்தில் இரத்தம் சோதிக்கிற இடம் வைத்திருந்தார். இரத்தம் கொடுக்க வருகிறவருக்கு ஈரலைத் தின்னும் கிருமி தொற்றியிருக்கோ என்று பார்ப்பார். அதற்கு ஒரு மருந்து, சின்னக் குப்பியில் வரும். இரத்தம் உறைய மேலே தெளிகிற தண்ணீரில் ஒரு துளி விட, மாக் கட்டிபட்ட மாதிரித் திரண்டால் தொற்று. சண்டையால் பாதை பூட்டு. அடுத்த குப்பி எப்ப வருமோ தெரியாது. ஒரு துளி சிந்தினால் மனிசனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது; அதாலேதான் அந்தப் பெயர். டொக்டர்மாரையே ஏசுவார்: "சும்மா சும்மா சோதிக்க இதென்ன கிணத்துத் தண்ணியே?"

கரண்டும் இல்லாத காலம். தெருவில் மண்ணெண்ணெயில் ஓடுகிற பிறிட்ஜ் என்னிடம் மட்டும்தான். மருந்து குளிரில் இருக்கவேணுமென்று, ஒரு வார்த்தை கேட்காமல் குப்பியைக் கொண்டுவந்து என் தேங்காய்ப்பாலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"ஐயோ, கிருமியையோ வச்சனீங்கள்?"

"கிருமி இல்லை அக்கா! கிருமியின்ரை ஒரு துண்டு மாதிரி. அதுவும் கிருமியிட்டை எடுக்கேல்லை. நீங்கள் மாப் புளிக்க வைக்கிற ஈஸ்ட் இருக்கே, அதின்ரை இனத்தைக் கொண்டு செய்விச்சது. நாயின்ரை வால் தனியக் கிடந்து கடிக்குமே?"

இதைக் காதோடு சொல்லியிருக்கலாம். கடை நிறைய ஆள் இருக்க, கப்பலைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்! கிருமி, ஈஸ்ட், அப்பம் மூன்றும் ஒன்றாய்க் காதில் விழுந்தால் ஆர் சாப்பிடுவார்? துறைமுகத் தொழிலாளர் பாதி அப்பத்தோடு எழும்பிப் போனார்கள். அடுத்த நாள் அப்பம் சுடுகிற தாச்சி காய்ந்தது, ஆளில்லை. என் பிள்ளைகள் மூன்றும் அந்தத் தாச்சியை நம்பித்தான் இருந்ததுகள்.

அவரிடமே நியாயம் கேட்கப் போனேன். எனக்கு நாலு பேரோடு கதைக்க வராது. அழுகைதான் வந்தது.

"அழாதேங்கோ அக்கா. நாளைக்குக் காலமை வாறன்."

வந்தார், வெள்ளைக் கோட்டோடு! கடையைப் பூட்டச் சுகாதாரப் பகுதி ஆள் வந்துவிட்டதென்று, இருந்த நாலு பேரும் எழும்பினார்கள்.

"இருங்கோ எல்லாரும்!"

பிறிட்ஜைத் திறந்தார். குப்பியை எடுத்தார். சுடச்சுட இருந்த அப்பத்தின் நடுவில் ஒரு துளி விட்டார். டொக்டர்மார் கெஞ்சியும் கொடுக்காத துளி! மடித்து விழுங்கினார்.

"செத்தனானோ?"

"இன்னும் இல்லை ஐயா," என்றார் மூட்டை தூக்குகிற ஒருவர்.

"அப்ப பாத்துக்கொண்டிருங்கோ. அக்கா, இன்னும் ரெண்டு சுடுங்கோ."

அவர் சாப்பிடச் சாப்பிட, பார்த்திருந்தவர்களுக்கும் பசி வந்துவிட்டது, தெருவில் போனவர்களும் உள்ளே வந்தார்கள். பத்து மணிக்குள் மா முடிஞ்சுது. கை கழுவிவிட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னாரே ஒரு கதை: "அக்கா, மாவிலை உப்புக் காணாது."

என்ன மனிசன்! இப்பவும் மாக் கரைக்கிற நாளில் அவரை ஏசிக்கொண்டுதான் உப்புப் போடுகிறேன். ஒரு சிட்டிகை கூடுதலாய்.