பிரேக் சார் பார்த்த படம்

சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. வழக்கமாக அது பல் டாக்டரம்மாவின் தவறாகத்தான் இருக்கும். அன்றைக்கு அவர் கிளட்சை அளவாக விட்டு, ஆக்ஸிலரேட்டரை அளவாகத்தான் மிதித்தார். பக்கத்து இருக்கையில் இருந்த டிரைவிங் மாஸ்டர்தான் தன் காலடியில் இருந்த தனி பிரேக்கை மிதித்த மிதியில், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான்."

டாக்டரம்மா திகைத்துவிட்டார். கார் ஓட்டப் பழகுகிறவர்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் மாஸ்டரை பிரேக் சார் என்றுதான் சொல்வார்கள். தப்பு நடப்பதற்கு முன்பே அவர் கால் பிரேக்குக்குப் போய்விடும், தப்பு எப்போதும் ஓட்டுகிறவருடையதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் பின்னால் அத்தனை ஹாரன் அலறியும் காதில் வாங்காமல், எதிர்ச் சுவரில் இருந்த பெரிய சினிமா போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது அவருடைய மகன் எடுத்த முதல் படம். வெள்ளிக்கிழமை அதைப் பார்த்துவிட்டு அவர் அழுதிருந்தார். ஆனால் அவரை அழவைத்த கதாநாயகனுக்குத் தலையில் முடியே கிடையாது. போஸ்டரில் இருந்தவனுக்கோ நெஞ்சு வரை தாடி.

சினிமாவுக்குப் போகிறேன் என்று மகன் கிளம்பிய நாளோடு அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அன்றைக்கு வாசலில் நின்று இவர் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. நடுவில் நின்று சமாதானம் செய்ய மனைவியும் உயிரோடு இல்லை. போன வாரம் டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரே சின்னதாக ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். ஒரு படகு, அதில் ஒரு குடை, கீழே பொடி எழுத்தில் மகன் பெயர், வெள்ளிக்கிழமை முதல் என்று ஒரு வரி. முகம் எதுவும் இல்லை. அதைப் படித்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

போனார். ஆனால் வீறாப்பு விடவில்லை. யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று தொப்பி போட்டுக்கொண்டு போனார். கவுன்ட்டரில் படத்தின் பெயரைச் சொல்ல நாக்கு வரவில்லை. "புதுப் படத்துக்கு ஒண்ணு" என்றார். இன்னாருடைய அப்பா என்று தெரியக்கூடாதென்று விளக்கு அணைந்து, பெயர்கள் எல்லாம் போட்டு முடிந்த பிறகு உள்ளே நுழைந்தார். முடிவதற்குள் எழுந்தும் வந்துவிட்டார். கடைசிவரை படகு வராதது கொஞ்சம் இடித்தது. இந்தக் காலத்தில் போஸ்டருக்கும் கதைக்கும் சம்பந்தம் இருக்காது போல என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே மகனுக்குப் போன் போட்டார்.

"படம் பாத்தேன்டா."

"எந்தப் படம்ப்பா?"

"உன் படம்தான். ஆஸ்பத்திரி வராந்தாவுல அந்தப் பெரியவர் செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாரே, என்னால தாங்க முடியலடா. உனக்குள்ள இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்பா, அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாடா?"

இப்போது சிக்னலில் உட்கார்ந்துகொண்டு பிரேக் சார் அந்தப் பேச்சை நினைத்துப் பார்த்தார். யாரோ எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மகனிடம் அழுது தொலைத்திருக்கிறார். தியேட்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் அப்பா புளுகியிருக்கிறார் என்றுதானே அவன் நினைப்பான்? வரட்டுமா என்று கேட்ட பிள்ளை இந்த முறை விலகிப் போனால் இனி வரவேமாட்டான்.

"உங்க பையன் படம்தானே சார் அது?" என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

"நீங்க பாத்துட்டீங்களா?"

டாக்டரம்மாவுக்கு வியாழக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். யார் அதற்குப் போகலாம், யார் இன்னும் ஒரு மாதம் பழக வேண்டும் என்று தீர்மானிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தேனே சார். அந்தப் படகு சீன் ஒண்ணு போதும்."

பிரேக் சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அது எங்க வருது?"

"முதல் பாதியில சார். முதல் பாதி பிரமாதம். இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை. ஆனா முடிவுல கல்யாணம் ஆகுதுல்ல, அதுல சரியாயிடுது."

அதை அவர் மனதுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். இருந்தாலும் கேள்வி ஞானத்தை வைத்துக்கொண்டு பெற்ற பிள்ளையிடம் பேச மனம் ஒப்பவில்லை. நேரில் பார்த்துவிடுவதே மரியாதை என்று, அடுத்த வகுப்புக்கு வந்த கணக்கு டீச்சரிடம் ஒரு டிக்கெட் வாங்கி வரும்படி கேட்டுக்கொண்டார். டீச்சர் வீடு தியேட்டருக்குப் பக்கத்தில்.

மறுநாள் டீச்சர் கையை விரித்தார். "டிக்கெட் இல்லன்னுட்டாங்க சார்."

"அவ்வளவு கூட்டமா?"

டீச்சர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதில்தான் உயிர் போய்க்கொண்டிருந்தது. "அப்படித்தான் இருக்கும் சார். வேற தியேட்டர்லயும் கேட்டுப் பாத்தேன். எங்கயுமே இல்ல."

பிரேக் சாருக்கு மார்பு விம்மியது. ஊரெல்லாம் டிக்கெட் கிடைக்காத படம். அதை எடுத்தவனைத்தான் 'உனக்கு ஸ்டியரிங்கே பிடிக்கத் தெரியாது, கேமராவைப் பிடிக்கப் போறியா' என்று கேட்டிருக்கிறார். பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்ததில் டீச்சர் சுவரை நெருங்குவதைக் கவனிக்கத் தவறினார். பம்பர் கழன்று விழுந்தது.

"பரவாயில்ல டீச்சர், விடுங்க" என்றார். பம்பர் விழுந்ததைவிட அவர் திட்டாததுதான் டீச்சருக்குப் பயமாக இருந்தது.

டிக்கெட் கிடைக்காத நிலையில் பிறர் வாயைக் கிளறுவதைத் தவிர வேறு வழியில்லை. மருந்துக்கடைக்காரர் வண்டியை எடுத்ததும் எடுக்காததுமாக பிரேக் சார் ஆரம்பித்தார்.

"என் பையன் படம் வந்திருக்கு. பாத்தீங்களா?"

மருந்துக்கடைக்காரர் ஏற்கெனவே இரண்டு தடவை டெஸ்டில் கோட்டை விட்டவர். "குடும்பத்தோட போனோம் சார். அந்தக் குடையை வெச்சு என்னமோ பண்ணியிருக்காரு தம்பி. முதல் பாதி கொஞ்சம் மெதுவா போகுது. இரண்டாம் பாதி சீட்டு நுனிக்கு வந்துட்டோம்."

"முடிவுல கல்யாணம்..."

"எங்க சார் கல்யாணம்? அவன்தான் செத்துட்டானே. என் சம்சாரம் இன்னும் சரியா சாப்பிடல."

பிரேக் சாருக்குத் தலை சுற்றியது. கல்யாணமும் ஆகிறது, சாவும் வருகிறது. இரண்டு பேருமே படித்தவர்கள், பொய் சொல்ல அவசியமில்லாதவர்கள். வகுப்பு முடிந்து வண்டியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். திடீரென்று விளங்கிவிட்டது. இரட்டை வேடம். அண்ணன் சாகிறான், தம்பிக்குக் கல்யாணம் ஆகிறது. தாடி வைத்தவன் அண்ணனாக இருக்க வேண்டும். இவ்வளவு நாள் சினிமா பார்க்காமல் இருந்தும் தனக்கு இந்த ஞானம் இருப்பதில் அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

அந்த வியாழக்கிழமை ஒருத்தர் விடாமல் எல்லாரையும் டெஸ்டுக்கு அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் மனைவியோடு வந்தான். இளைத்துக் கறுத்திருந்தான். சட்டை தோளில் நிற்கவில்லை. பிரேக் சார் வா என்று சொல்லிக் கதவை அகலத் திறந்தார். மருமகளை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். அந்தப் பெண் தயக்கமில்லாமல் சமையலறைக்குள் போய்த் தட்டுகளைக் கழுவி எடுத்துவந்து மூன்று பேருக்கும் வைத்தாள்.

முதல் வாய் உள்ளே போனதுமே பிரேக் சார் தொடங்கிவிட்டார்.

"அந்தப் படகு சீன்டா. அது ஒண்ணு போதும்."

மகன் நிமிர்ந்து பார்த்தான். "போன்ல ஆஸ்பத்திரி சீன்னு சொன்னீங்களேப்பா."

"அதுவும்தான். ஆஸ்பத்திரிக்குப் படகுலதானே போறாங்க." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திடுக்கிட்டார். "முதல் பாதி மெதுவா, ஆனா பிரமாதமா போகுது. இரண்டாம் பாதி இழுவைன்னாலும் சீட்டு நுனிக்கு வந்துட்டேன். அந்தக் குடை. ரெண்டு வேஷத்துக்கும் ஒரே குடையை வெச்ச பாரு, அங்க நிக்கிற நீ."

மருமகளுக்குப் புரையேறியது. மகன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான். அப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு வேஷமாப்பா?"

"தாடி வெச்ச அண்ணன் செத்து, தம்பிக்குக் கல்யாணம் ஆகுதே. தாடி இல்லாத தம்பி. மொட்டை." குரல் இறங்கிக்கொண்டே போனது. "மொட்டைதானே?"

"உங்களுக்குப் பிடிச்சிருந்துதாப்பா?"

கேலியாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பார். அவன் சின்ன வயதில் ரேங்க் அட்டையை நீட்டுகிற முகத்தோடு கேட்டான். பிரேக் சார் கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அதற்கு மேல் ஒரு பொய் சொன்னாலும் தன்னைத் தானே மன்னிக்க முடியாது என்று தோன்றியது.

"நான் உன் படத்தைப் பாக்கலடா. பாக்கத்தான் போனேன், சத்தியமா. வெட்கப்பட்டு உன் படத்துப் பேரைக்கூடச் சொல்லாம டிக்கெட் வாங்கி, வேற யாரோ எடுத்த படத்துல போய் உக்காந்து, உன் படம்னு நெனச்சு அழுதுட்டு வந்தேன். இப்ப சொன்னதெல்லாம் வண்டி ஓட்ட வர்றவங்க சொன்னது. உன் படத்துல யார் நடிச்சிருக்காங்கன்னுகூட எனக்குத் தெரியாது."

மகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனான். குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவன் திரும்பி வரக் காணோம்.

போய்விட்டது, பிள்ளை இரண்டாம் முறையும் கையை விட்டுப் போய்விட்டான் என்று பிரேக் சார் நினைத்தார். இந்த முறை யார்மேலும் பழி போட அவருக்கு வழியில்லை. "கோவத்துல போறானாம்மா?" என்று மருமகளைக் கேட்டார்.

அவள் அவர் பக்கமாகத் தட்டை நகர்த்திவிட்டு, உள்ளே கேட்காத குரலில் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை எந்தத் தியேட்டருக்குப் போயிருந்தாலும் நீங்க அதைப் பாத்திருக்க முடியாது மாமா, ரிலீஸைக் காலையிலேயே நிறுத்திட்டாங்க, இன்னும் எங்கயும் ஓடல, அப்புறம் ஒருத்தரும் இவரைக் கூப்பிடல, நீங்க ஒருத்தர்தான் கூப்பிட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்க."