மச்சானுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஆயுள் தடை

சட்டம் படித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதிக் குடும்பங்கள் நிம்மதியாக இருக்கும். எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். கறுப்புக் கோட்டு தைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது (கோட்டு வந்துவிட்டது, கட்சிக்காரர்தான் வரவில்லை). அக்காவின் கணவர் செபஸ்தியான், திருச்சியில் ஒரு மில்லின் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். பெயருக்கு ஸ்டோர் குமாஸ்தா. பந்து பிடிக்கத்தான் மில் அவரை வைத்திருந்தது.

ஸ்ரீரங்கத்தில் சில வியாபாரிகள் மைதானத்தைச் சுற்றித் தகரம் அடைத்து, டிக்கெட் போட்டு ஒரு போட்டி நடத்தினார்கள். மச்சான் போய் ஆடினார். திருச்சியில் அதேபோல டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த கால்பந்துச் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. தங்களைக் கேட்காமல் வேறு யார் நடத்தும் போட்டியிலும் ஆடக் கூடாது என்பது அவர்கள் விதி. ஒரு வருடம் தடை.

"மன்னிப்பு எழுதிக் கொடுத்தா மூணு மாசத்துல விட்டுடுவாங்க மாப்ளே," என்றார் மச்சான்.

"மன்னிப்பா? ஒருத்தரோட பிழைப்பைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாதுன்னு சட்டமே இருக்கு. நீங்க சும்மா வாங்க மச்சான்!"

சங்கத்தின் விசாரணையில் பொரிந்து தள்ளினேன். டிக்கெட் விற்றால் அது வியாபாரம். ஆட்டக்காரர்களைக் கட்டிப்போட்டு எதிராளியை ஒழிப்பது ஏகபோகம். ஊரில் ஒரே கடைதான் இருக்கலாம் என்று கடைக்காரரே விதி எழுதலாமா? பிறகு மச்சான் பக்கம் திரும்பினேன். "சொல்லுங்க, பந்தாட்டம் உங்களுக்குப் பொழுதுபோக்கா, தொழிலா?"

மச்சான் தயங்கி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். (படுபாவி, தலையாட்டினேன்.)

"தொழில்தாங்க. மில்லுல அதுக்குத்தானே சம்பளம் தராங்க."

சங்கத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி சொன்னதெல்லாம் நியாயம். ஆனா நம்ம சங்கத்துல காசு வாங்காம ஆடறவங்களுக்குத்தான் இடம். செக்ரட்டரி, எழுதிக்குங்க."

ஒரு வருடம் ஆயுள் தடையானது. அங்கே உட்கார்ந்திருந்த நிர்வாகிகள் அத்தனை பேர் அணியிலும் சம்பளத்துக்கு ஆடுகிற இதே கதைதான். ஆனால் அதைச் சபையில் சொல்லவைத்த மடையன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். மில் மச்சானை நிஜமாகவே ஸ்டோருக்கு அனுப்பியது. ஊரே கைதட்டிய அந்தக் கைகள் பஞ்சு மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டின. அக்கா என்னிடம் ஒரு வருடம் பேசவில்லை.

இன்றும் வீட்டில் யாருக்காவது ஜுரம் வந்தால், "டாக்டரைக் கூப்பிடு. மாமாவைக் கூப்பிட்டுடாதே, ஆயுசுக்கும் படுத்துடுவே" என்று அக்கா பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஒருமுறை மட்டும் பொறுக்காமல், "ஆனா மச்சான், என் வாதம் சரிதானே?" என்று கேட்டுவிட்டேன்.

"சரிதான் மாப்ளே," என்றார். "தப்பா இருந்திருந்தா இன்னும் பத்து வருஷம் ஆடியிருப்பேன்."