அத்தையைக் கூட்டிப்போக வரவேண்டாம்

செம்பூர்,
17-5-1964

அன்புள்ள மாப்பிள்ளை கணேசபாண்டியனுக்கு, செம்பூர் மூதாட்டியர் இல்லத்து மேனேஜர் சொரிமுத்துவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அதிலும் உன் அம்மா, அதாவது என் அத்தை கோமதியம்மாள், கொஞ்சம் கூடுதலாகவே சௌக்கியம். ஆகவே அவளைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போக நீ ரயிலேற வேண்டாம்!

அத்தை சாப்பிடுவதில்லை, சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள் என்று போன கடிதத்தில் எழுதியது உண்மைதான். நான் என்ன குறை வைத்தேன்? வேளாவேளைக்குப் பால், ஸ்பிரிங் கட்டில், ரேடியோ, ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடாத கவனிப்பு. ஆனாலும் இங்குள்ள பாட்டிமார் அத்தனை பேரும் வாடிக்கொண்டே போனார்கள். நேற்றுக் கமிட்டித் தலைவர் சேட் பார்வையிட வருவதாக இருந்தது. பிடிக்காவிட்டால் இல்லத்தை இழுத்து மூடிவிடுவார் என்று பேச்சு. கட்டிலுக்கெல்லாம் புது வெள்ளை விரிப்பு போட்டுவிட்டு, மாட்டுங்கா போய் மாலை வாங்கி வந்து, சேட்டை உள்ளே அழைத்துப் போனால், மாப்பிள்ளை, ஒரு கட்டிலிலும் விரிப்பில்லை, ஆளும் இல்லை! மொட்டைமாடியில் ஒரே சிரிப்புச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் என் புது விரிப்பு முழுக்கக் கூழ்வத்தல்! சமையல்காரரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுக் கூழ் காய்ச்சியிருக்கிறார்கள். மே மாத வெயிலில் வெள்ளைத் துணியைக் கண்டால் நம் பெண்களுக்குக் கை சும்மா இருக்குமா? அத்தை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்துக் கட்டில் பேராச்சியை அதட்டுகிறாள்: "ஏட்டி, இவ்வளவு மொத்தமா ஊத்துனா என்னிக்கிட்டி காயும்?"

சேட் முகம் சிவந்து வாயைத் திறக்குமுன், அவர் கையிலிருந்த கறுப்புக் குடை அத்தை கண்ணில் பட்டுவிட்டது. "சேட்ஜி, இதர் பைட்டோ! சத்ரி கோலோ! கவ்வா ஆத்தா ஹை!" இங்கே உட்காரு, குடையை விரி, காக்கா வருது என்று தனக்குத் தெரிந்த இந்தியில் உத்தரவு!

கறுப்புக் குடையைக் கண்டால் காக்கை அண்டாது என்பது சேட்டுக்குத் தெரியுமோ என்னவோ, உட்கார்ந்தார், விரித்தார், மத்தியானம்வரை அசையவில்லை! நடுவே அத்தை கொடுத்த சூடான கூழை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இல்லம் நடக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார். அத்தை இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "ஏல சொரிமுத்து, இத்தன நாளும் பொணத்துக்குல்லா பணிவிட செஞ்ச. இப்பம்தான் மனுசியா உக்காந்திருக்கேன்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாம் என் நிர்வாகத் திறமை என்று தாராவியில் நம்மூர்க்காரர் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள்.

தங்கை சண்முகவடிவுக்கும் குழந்தைகளுக்கும் முருகன் ஒரு குறையும் வைக்கமாட்டான்.

இப்படிக்கு,
சொரிமுத்து, மேனேஜர்

பி.கு.: கவரை ஒட்டுமுன் சேட்டின் ஆள் வந்துவிட்டான். இன்று முதல் இல்லத்துக்கு மேனேஜர் உன் அம்மாவாம். அத்தனை விரிப்பையும் நானே துவைக்கவேண்டும் என்று முதல் உத்தரவும் போட்டாகிவிட்டது. நீ அடுத்த ரயிலிலேயே புறப்பட்டு வா. அத்தை வரமாட்டாள், என்னைக் கூட்டிக்கொண்டு போ.