மூச்சுக்குழலுக்குத் தண்ணீர் ஊற்றியவன்

கூச்ச சுபாவக்காரர்கள் சாதுவானவர்கள் என்று ஊரில் நம்புகிறார்கள். சந்தேகம் கேட்க வாய் வராமல் நாங்கள் செய்து வைக்கும் நாசம் அவர்களுக்குத் தெரியாது.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்த புதிது. அங்கே நஸ்ரீன் மேடம் மனித மூச்சுக்குழலின் செல்களைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வளர்த்து வந்தார். அதன்மேல் வைரஸை விட்டு, எந்த மருந்து அதை அடக்குகிறது என்று பார்ப்பார்களாம். வாரக்கணக்கில் வளர்த்தது தயாராகி, திங்கட்கிழமை மருந்துச் சோதனை. கிண்ணங்கள் இருக்கும் வெதுவெதுப்பான பெட்டியின் அடித்தட்டில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. (அதற்குமேல் யாரும் என்னிடம் கேட்கவில்லை.)

சனிக்கிழமை தண்ணீரோடு போய்ப் பெட்டியைத் திறந்தேன். கிண்ணங்களுக்கு அடியில் ரோஸ் நிறத் திரவம். மேலே, செல்கள் இருக்கும் பக்கம், சொட்டு ஈரம் இல்லை. டேனரியில் ஈரத்தோலின் மேல்பக்கம் காய்ந்தால் சாயம் ஏறாது. மேஸ்திரி நம் தோலை உரிப்பார். கேட்டுவிடலாம் என்று வெளியே போனேன். மேடம் போனில் இருந்தார்.

"இன்னாண்ணா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

சிரித்துவிட்டுத் திரும்பி வந்து, கையிலிருந்த தண்ணீரை ஒவ்வொரு கிண்ணத்திலும் தளும்பத் தளும்ப ஊற்றினேன். ஞாயிறு முழுக்க அந்தப் பெருமையிலேயே போனது.

திங்கட்கிழமை மேடம் மைக்ராஸ்கோப்பை விட்டு நிமிர வெகுநேரம் ஆனது.

"யாரு இதுல தண்ணி ஊத்துனது?"

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். "மேல காஞ்சி கெடந்துச்சி மேடம்."

"அப்டிதாண்ணா இருக்கணும். மேல காத்து, கீழேருந்து சாப்பாடு. உங்க மூச்சுக்குழல்ல தண்ணி ஊத்துனா இன்னா பண்ணுவீங்க?"

நான் நிஜமாகவே யோசித்தேன். "இருமுவேன் மேடம்."

"இதுங்களுக்கு இரும வாய் இல்லண்ணா. எல்லாம் செத்துப் போச்சி."

வேலை போனது என்று சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தேன். மேடம் என்னையே பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பைய கீழ வைங்க. மொதல்லேருந்து வளக்கணும், கூட இருங்க. இனிமே நான் போன்ல இருந்தாலும் கேளுங்க."

வீட்டில் வந்து சொன்னது அடுத்த தப்பு. இன்றைக்கும் பிரியாணி என்றால் அதன்மேல் ஊற்றும் தால்ச்சாக் குழம்புக் கரண்டி என் கைக்கு வராது. "அப்பா கிட்ட குடுக்காதம்மா, சோறு மூச்சு முட்டிடும்" என்பாள் மகள். போன மாதம் மேடம் விருந்துக்கு வந்தார். மரியாதைக்கு நானே கரண்டியை எடுத்தேன். அவர் சட்டென்று தட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

"அண்ணா, ஓரமா ஊத்துங்க. மேல காத்து படணும்."