என் வயலில் படுத்த சீதனம்

புது மாப்பிள்ளைக்கு அறிவு குறைவு என்று ஊரில் சொல்வார்கள். அது பிழை. புது மாப்பிள்ளைக்கு அறிவு கூடிப்போய்விடுகிறது, அதுதான் சிக்கல். கழுத்தில் மாலை விழுந்த நிமிடத்திலிருந்து அவனுக்கு எல்லாம் தெரியும். சாத்திரம் தெரியும், சமையல் தெரியும், மாமனாரின் தொழில் மாமனாரைவிட நன்றாகத் தெரியும். எனக்கு அந்த அறிவு மூன்று நாள் முழுசாக இருந்தது. நாலாம் நாள் பின்னேரம் போனதுதான், இன்றுவரை திரும்பி வரவில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். ஐம்பதுகளின் கடைசியில், வன்னியில் பூவரசங்குளத்துக்கு அப்பால் காட்டை வெட்டி உண்டாக்கிய குடியேற்றத் திட்டத்தில், நாங்கள் ஐயா என்று கூப்பிடும் என் தகப்பனாருக்கு ஒரு வயற்காணியும் வீடு கட்ட ஒரு மேட்டுக்காணியும் கிடைத்தன. ஊரில் எங்களுக்கு இருந்தது சகோதரர்கள் பங்குபோட்டு மிஞ்சிய ஒரு துண்டு. வேலியில் நட்ட கதியால் ஒன்று ஒரு சாண் நகர்ந்தால் ஒரு வழக்கு. அப்படிப்பட்ட மனிதர் முதன்முதலாகத் தன் வயலைப் பார்த்த அன்று வரம்பில் குந்தியிருந்து மண்ணைக் கையில் அள்ளி மணந்து பார்த்தார். "என்ரை காணி" என்றார். பக்கத்தில் நின்ற எனக்குச் சொல்லவில்லை, மண்ணுக்குத்தான் சொன்னார்.

வயலை உழுது விதைத்தது நான். அதன் நடுப்பகுதியில் நெல் அக்கம்பக்கத்து வயல்களையெல்லாம் வெட்கப்படுத்துகிற மாதிரி வளர்ந்தது. எல்லாம் என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நின்றிருக்கலாம். அயலவர்களைக் கூப்பிட்டு வரம்பில் நிற்பாட்டி, விதைக்கிற பதம் என்ன, தண்ணீர் கட்டுகிற பதம் என்ன என்று பிரசங்கம் வேறு செய்தேன். விவசாயப் பகுதியிலிருந்து வந்த உத்தியோகத்தரையும் விடவில்லை. (பாவம், அந்த மனிசன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.)

அந்த அறுவடைக்குக் காத்திருந்த தை மாதத்தில்தான் எனக்குக் கலியாணம். பெண் பூமணி, அந்தக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்த குடும்பத்தின் ஒரே பிள்ளை. வன்னியில் மாடு வளர்ப்பது என்றால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் வளர்ப்பதுபோல அல்ல. எங்கள் வீட்டில் ஒரு பசு, அதற்கு ஒரு கயிறு, ஒரு வாளி புண்ணாக்குத் தண்ணீர். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மாட்டு சாத்திரம். இங்கே பட்டி. ஒரு கூட்டம் மாடு காலையில் தானாகக் காட்டுக்குள் போகும், பொழுதுபட முன் தானாகத் திரும்பி வந்து, வெட்டிய முட்கொப்புகளால் அடைத்த அலம்பல் வேலிக்குள் படுக்கும். கயிறும் இல்லை, வாளியும் இல்லை.

குடியேற்றத்துக்காகக் காடு வெட்டுப்பட்டபோது பூமணியின் அப்பு, அதாவது என் மாமா, தன் பட்டியை இன்னும் உள்ளே, காட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார். எந்த இடத்திலிருந்து தள்ளிப்போனார் என்று நான் கேட்கவில்லை. காடு என்றால் எல்லாம் காடுதானே என்று இருந்துவிட்டேன். புது இடத்தில் கோடையில் தண்ணீர் இல்லை. மாடுகள் எலும்பும் தோலுமாகிவிட்டன. மாமாவுக்கும் வயது போய்விட்டது. அதனால் பட்டி முழுவதையும் மகளுக்குச் சீதனமாகத் தந்தார். எங்கள் மேட்டுக்காணியின் பின்பக்கத்தை அடைத்து அங்கே வைத்துக்கொள்வது என்று பேச்சு.

"தம்பி, பட்டியைப் பிரிச்சுப் போடாதேங்கோ. அது ஒண்டா நிண்டு பழகின சீவன்கள்" என்றார் மாமா என்னிடம். அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஐயாவும் கலியாணத்துக்கு முதலே தன் பங்குக்குச் சொல்லிவைத்திருந்தார். "மாடு நிக்கட்டும், எனக்கென்ன. ஆனால் வயலுக்குள்ளை இறங்கிச்சுதெண்டால் அண்டைக்கே யாவாரியைக் கூப்பிட்டு முழுக்க வித்துப் போடுவன். பேந்து என்னோடை கதைக்கக்கூடாது." ஐயா சொன்னால் சொன்னதுதான். ஆக, அந்தப் பட்டி ஒன்றாக நிற்பதும் சிதறுவதும் என் ஒருவன் கையில் இருந்தது. யாருடைய கை, பாருங்கள்.

நாலாஞ்சடங்கன்று பெண் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அது முடிய நானும் பூமணியும் பட்டியைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். கலியாணத்துக்கு வந்த யாழ்ப்பாணத்துச் சனம் எங்கள் வீட்டில் காத்துக்கொண்டிருந்தது. மாட்டைப் பார்த்துவிட்டுத்தான் வவுனியாவுக்குப் போய் ரயில் ஏறுவது என்று பெரிய மாமி பிடிவாதமாகக் கதிரையில் உட்கார்ந்திருந்தா.

மாமா எங்களோடு வரவில்லை, கால்நோவு என்றார். பட்டியில் மூத்த பசு மறைச்சி. கறுப்பும் வெள்ளையுமாக மறை விழுந்த உடம்பு, கழுத்தில் மணி. அவள் எங்கே போகிறாளோ அங்கேதான் மற்றதுகள் போகும். மறைச்சியின் கழுத்தில் ஒரு கயிற்றைப் போட்டு நுனியை என் கையில் தந்துவிட்டு மாமா சொன்னார்: "வாய்க்கால் கரையாலை கொண்டு போகாதேங்கோ தம்பி. சுத்தெண்டாலும் பரவாயில்லை, றோட்டாலை போங்கோ."

"ஏன் மாமா?"

"றோட்டாலை போங்கோவன்."

நான் அதை எப்படி விளங்கிக்கொண்டேன் தெரியுமா? இந்த யாழ்ப்பாணத்தானுக்கு வாய்க்கால் கரையில் மாடு சாய்க்கத் தெரியாது என்று மனிசன் நினைக்கிறார் என்று. பட்டுக்கரை வேட்டியும் சால்வையுமாக நான் முன்னே நடந்தேன். பூமணி கன்றுகளோடு கடைசியில் வந்தாள். வழி பிரிகிற இடத்தில் வெயில் சாய்ந்திருந்தது. றோட்டால் சுற்றினால் பெரிய மாமி ரயிலைப் பிடிக்கப் போய்விடுவா, என் கம்பீரத்தைப் பார்க்க ஆள் இருக்காது. வாய்க்கால் கரைக்குத் திரும்பினேன்.

பின்னாலிருந்து "இஞ்சருங்கோ" என்று மெல்லிய குரல். நாலு நாள் பெண்சாதி புருசனை வேறு எப்படிக் கூப்பிடுவாள்? பெயர் சொல்ல முடியாது, கத்தவும் முடியாது. எனக்கோ அது தேனாக இருந்தது. நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன். இன்னொரு தரம் "இஞ்சருங்கோ." கையை மட்டும் தூக்கி, வா வா என்பதுபோல ஆட்டினேன். (மடையா, மடையா.)

எங்கள் வயல் தெரிந்த இடத்தில் மறைச்சி நின்றாள். மூக்கைத் தூக்கினாள். நான் கயிற்றை இழுத்தேன், பிறகு அவள் இழுத்தாள். அவளுடைய இழுவையில் நான் வாய்க்காலுக்குள் ஒருமுறை விழுந்தெழும்பி, சால்வையை அங்கேயே விட்டு, வரம்பு தாண்டி, கதிர் முற்றி நின்ற என் நெல்லுக்குள் முழங்காலில் வந்து சேர்ந்தேன். அவள் வயலின் நடுப்பகுதிக்குப் போனாள். என் பிரசங்கத்துக்குப் பெயர்போன அதே நடுப்பகுதி. ஒரு கதிரைக்கூடக் கடிக்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, முன்னங்காலை மடித்து, பெரிய மூச்சொன்று விட்டுப் படுத்தாள். கிழட்டு மாடுகள் ஒவ்வொன்றாக இறங்கிப்போய் அவளைச் சுற்றித் தங்கள் தங்கள் இடத்தில் படுத்தன. இளசுகளும் கன்றுகளும் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கரையில் நின்றன.

அடித்தேன், அசையவில்லை. வாலை முறுக்கினேன், வாலால் முகத்தில் ஒன்று வாங்கினேன். இதற்குள் வீட்டிலிருந்து சனம் ஓடி வந்துவிட்டது. பெரிய மாமி ஆசைப்பட்டபடி மாட்டைப் பார்த்தா, மாப்பிள்ளையையும் சேற்றோடு பார்த்தா. ஐயா வரம்பில் நின்று கத்தினார். "என்ரை நெல்லடா! ஒரு வருசப் பாடடா!"

அப்போதுதான் என் அறிவு கடைசித் தடவையாக வேலை செய்தது. மிருகம் எதற்குப் பயம்? நெருப்புக்கு, புகைக்கு. வரம்பில் கிடந்த காய்ந்த சருகை அள்ளிக் கொளுத்தி, மேலே பச்சைக் குழையைப் போட்டு, மாடுகளின் நடுவே புகை கிளப்பினேன். நல்ல திறமான புகை.

கரையில் நின்ற இளசுகள் தலையைத் தூக்கின. பிறகு எல்லாம் ஒன்றாக, ஓட்டமும் நடையுமாக, வயலுக்குள் இறங்கி வந்தன. புகையைக் கண்டு ஓடவில்லை, புகையைத் தேடி வந்தன. மூஞ்சியைப் புகைக்குள் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு படுத்தன. சுற்றிவரப் பட்டி முழுவதும் படுத்திருக்க, நடுவில் நான், கையில் புகைகிற குழையோடு. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரயில் தவறினாலும் பரவாயில்லை என்று பெரிய மாமி சொன்னது எனக்குக் கேட்டது.

பூமணி வரம்பில் குந்தியிருந்து முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அவளும் சிரிக்கிறாள் என்று கோபத்தோடு கிட்டப் போனேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இதிலைதான் எங்கடை பட்டி நிண்டது" என்றாள். "நுளம்பு கடிக்கும், இலையான் மொய்க்கும் எண்டு அப்பு பின்னேரத்திலை இதிலைதான் புகை போடுறவர். புது இடத்திலையும் அப்பிடித்தான், புகையைக் கண்டால் மாடுகள் காட்டாலை வரும்."

என் கைராசி, என் பதம், என் பிரசங்கம் எல்லாம் அந்த மாடுகளின் முன்னோர் போட்ட சாணி. அதை நினைத்துச் சிரிக்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். காட்டுக்குள்ளிருந்து புகையைக் கண்டிருக்கிறார், எந்தத் திக்கிலிருந்து எழும்புகிறது என்றும் கண்டிருக்கிறார். கால்நோவுக்காரர் மாதிரி வரவில்லை. காடு வெட்டிய பிறகு அந்தப் பக்கம் காலெடுத்து வைக்காத மனிதர், யாரோடும் கதைக்காமல் நேரே மாடுகளுக்குள் போய் ஒவ்வொன்றின் முதுகிலும் கை வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு மறைச்சிக்குப் பக்கத்தில் மிதிபட்ட நெல்லின்மேல் உட்கார்ந்தார். ஐயா கத்திக்கொண்டே அவரிடம் போனார், கிட்டப் போனதும் குரல் இறங்கிவிட்டது.

"இஞ்சையே உங்கடை பட்டி இருந்தது?"

"ஓம். என்ரை அப்புவின்ரை அப்பு அடைச்ச பட்டி."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"சொல்லி என்ன செய்யிறது சம்பந்தி. உங்களுக்கும் ஒரு காணி வேணும்தானே."

ஐயா அவருக்குப் பக்கத்தில் சேற்றில் இருந்துவிட்டார். பிறகு மாமா கேட்டார்: "பயிர் போச்சு, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. இண்டைக்கு மட்டும் இதிலை கிடக்கட்டும். விடிய எழுப்பிப் போடுறன்."

"கிடக்கட்டும்" என்றார் ஐயா.

ஆனால் ஐயா சொன்ன சொல்லை மாற்றவில்லை. மாற்றவும் முடியாது. அந்த வருடம் எங்கள் குசினியில் சொந்த நெல் இல்லை. என் பெண்சாதியின் சீதனத்தை விற்றுத்தான் எல்லோரும் சாப்பிட்டோம், அவளும் சாப்பிட்டாள். வியாபாரி வந்த அன்று மறைச்சியின் கழுத்து மணியை மாமாவே கழற்றினார். பாற்பசுக்கள் சில நெளுக்குளத்துக்குப் போயின, சில வேறெங்கோ. கிழடுகள் எங்கே போயின என்று வியாபாரியிடம் ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். பட்டியைப் பிரிக்காதேங்கோ என்று கேட்ட மனிதர் ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் பொழுதுபட முன்னம் எழும்பிப் போய்விடுவார். எவ்வளவு மறித்தாலும் நிற்கமாட்டார்.

கதை குடும்பத்தில் தங்கிவிட்டது. பெரிய மாமி யாழ்ப்பாணம் முழுக்க அதைச் சொல்லிக் கொண்டாடினா. என் பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். மாரியில் நுளம்பு தொல்லை தாங்காமல் முற்றத்தில் நான் கொஞ்சம் வேப்பங்குழை போட்டுப் புகைத்தால் போதும், உள்ளேயிருந்து ஒருவன் கத்துவான்: "அப்பா புகை போடுறார். மாடு வரப்போகுது, ஆராவது படலையைச் சாத்துங்கோ!" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், சிரிக்கக்கூடிய கதைதானே.

பூமணி எழும்பிப் படலையடிக்குப் போவாள். கொஞ்ச நேரம் றோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு திரும்பி வந்துவிடுவாள். ஒருநாளும் அதைச் சாத்திவிட்டு வந்ததில்லை.