ஸ்டீரியோவுக்குப் பத்துப் பொருத்தம்

ஸ்டீரியோவுக்குக் கல்யாணம் நடப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் முத்தையாபுரம் போக வேண்டும். ஆத்தூர் வெற்றிலை வியாபாரிகளின் கார்கள், புதுக்கோட்டை வாடகை வேன்கள், துறைமுகத்து லாரிகள் என்று ரோட்டின் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நிற்கும். வந்தவர்கள் கையில் கார் ஸ்டீரியோ, சட்டைப் பையில் பாட்டுக் கேட்கிற சின்னக் கருவி. இரண்டும் ஒத்துப்போகுமா என்று விற்ற கடைக்காரனைக் கேட்டிருக்கலாம். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதைப் படித்திருக்கலாம். படிப்பது எவ்வளவு சிரமம்! அதனால் நாதப்பொருத்தம் பாண்டித்துரை சாமியிடம் வந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு இதே இடத்தில் செல்போன் உறை விற்றவர்தான் சாமி. அப்போது அவருக்கு ஒரு டீ கடன் கொடுக்க ஆள் கிடையாது. காவி கட்டியதும் ஞானம் வந்துவிட்டது.

ஸ்டீரியோ பெண், பாட்டுக்கருவி மாப்பிள்ளை. வாங்கிய பில்லில் உள்ள தேதியும் நேரமும்தான் ஜாதகம். பில்லைத் தொலைத்த கருவி அநாதை; அதற்குத் தட்சணை இரட்டிப்பு. வாழைக்கன்று கட்டிய மேசையில் ஒரு லாரி பேட்டரி, இரண்டு ஸ்பீக்கர். அங்கேதான் மங்கல வயர் இருக்கும். இரண்டு முனையிலும் பிளக், நடுவில் நெருக்கமாகச் சுற்றிய மஞ்சள் கயிறு, கயிற்றில் எலுமிச்சை அளவு முடிச்சு. சாமி முடிச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். பாட்டு வந்தால் பொருத்தம். வண்டிக்கு ஒரு ஸ்டிக்கர். வராவிட்டால் அந்த ஸ்டீரியோவைச் சாமி காலடியில் தள்ளிவைத்துவிட்டு அவரிடமே வேறு வாங்க வேண்டும். தள்ளிவைத்தது அடுத்த வெள்ளிக்கிழமை பரிகாரம் முடிந்து இன்னொருவருக்குப் பொருந்திவிடும். மறுமணத்தை இவ்வளவு உற்சாகமாக நடத்திவைத்த சாமி வேறு யாரும் இல்லை. ஸ்டீரியோக்களுக்கு மட்டும்.

பகவதி அந்த வரிசையில் விருப்பத்தோடு நிற்கவில்லை. அவள் கணவன் மகாராஜன் வாடகைக் கார் ஓட்டியவன். போன பங்குனியில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன் போய்விட்டான். காரை இனி அவளே ஓட்டுவதாக இருந்தாள். பழைய ஸ்டீரியோவை உப்புக்காற்று தின்றுவிட்டது. புதிதில் அவள் தேடியது ஒன்றே ஒன்று: மகாராஜனின் பாட்டுக்கருவியைச் செருக ஓர் ஓட்டை.

பென்சில் பேட்டரியில் ஓடுகிற பழைய கருவி அது. கம்ப்யூட்டரில் செருகுகிற இடம் துருப்பிடித்துவிட்டது. இயர்போன் ஓட்டை ஒன்றுதான் மிச்சம். அதற்குள் அவனுடைய குரல் இருந்தது. அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, பிறகு கேலி செய்வதற்கென்றே பதிந்துவைத்தது. வேறெங்கும் அந்தக் குரல் கிடையாது.

நாலு கடை ஏறி இறங்கினாள். "இப்ப எல்லாம் ப்ளூடூத்துதான்க்கா, ஓட்டை எவன் வைக்கான்?" என்றார்கள். ஐந்தாவது கடையில், முகப்பில் ஓட்டை உள்ள ஒன்று தூசியோடு கிடைத்தது. நேரே பொருத்தியிருப்பாள். கொழுந்தன் சிவனாண்டி விடவில்லை.

"மதினி, சாமி ஸ்டிக்கர் இல்லாத வண்டில எவன் ஏறுவான்? அண்ணனும் ஸ்டிக்கர் ஒட்டாமத்தான் ஓட்டுனான். என்னாச்சு?"

"ஒட்டுனவன் எவனும் சாகலையா?"

"அப்படிக் கேக்கப்படாது மதினி."

அவளுக்கு முன்னால் மீன்வண்டி கிளாட்வின். ஞாயிறு பூசைக்குத் தவறாதவர், வெள்ளிப் பொருத்தத்துக்கும் தவறாதவர். இது அவருக்கு மூன்றாவது ஸ்டீரியோ, சாமியிடமே வாங்கியது. மாதா பாட்டு முழங்கியது. "பொருந்திட்டு, பொருந்திட்டு!" என்று கூட்டம் குலவையிட்டது. பகவதி பாட்டைக் கவனிக்கவில்லை, சாமியின் கட்டைவிரலைக் கவனித்தாள். பாட்டு வருவதற்குச் சற்றுமுன் அது முடிச்சை அழுத்தியது.

அவள் முறை வந்தது. சாமி செருகினார், கண்ணை மூடினார். கட்டைவிரல் அசையவில்லை. ஸ்பீக்கரும் மூச்சுவிடவில்லை.

"இது யாரு சாமான் தாயி?"

"எங்க வீட்டுக்காரர் வச்சிருந்தது."

"அதான பாத்தேன்! பிரேத தோஷம். இத வண்டில மாட்டினா மூணு மாசத்துல இன்னொரு சாவு விழும். கொண்டா, நானே கடல்ல முக்கிருதேன்."

சாமியின் கை கருவியைப் பற்றியது. சிவனாண்டி, "குடுத்துருங்க மதினி, சின்னப் பிள்ளையள் உள்ள வீடு" என்று கெஞ்சினான். கூட்டம் "குடு, குடு" என்றது. ஒருமுறை மகாராஜனைச் சாவுக்குக் கொடுத்தாகிவிட்டது. இன்னொருமுறை கொடுக்க பகவதியால் முடியாது. கருவியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"சாமி, பொருத்தம் இது ரெண்டுக்குந்தான? வயருக்கு இல்லியே?"

"வயரு வெறும் கயிறு தாயி."

"அப்ப எந்த வயருன்னாலும் ஒண்ணுதான்."

ஸ்டீரியோ பெட்டிக்குள் கிடந்த கறுப்பு வயரை எடுத்துச் செருகினாள். ஸ்பீக்கர் வாய் திறந்தது:

"ஏளா பகவதி, கிளச்ச மெதுவா விடு! இது வண்டியா தவக்களையா?"

கூட்டம் நாலடி பின்னால் பாய்ந்தது. கிளாட்வின் சிலுவை போட்டுக்கொண்டார். சாமி துள்ளி எழுந்தார். "கேட்டியளா! பிரேதம் பேசுது!"

"பிரேதமில்ல. போன வருசம் அவரு பதிஞ்சது. நீரு பொருத்தமே இல்லன்னீரு, இப்ப எப்படிப் பேசுச்சு?"

"அது பேய்ச் சேர்க்கை. மங்கல வயருல வராது."

"ஏன் வராதுன்னு பாப்போம்" என்று பகவதி முடிச்சின்மேல் கை வைத்தாள்.

"தொடாத!" சாமியின் குரல் கிறீச்சிட்டது. "ஏளா, மஞ்சக்கயிறு அது. நீ தொடப்படாது."

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. அதுவரை எத்தனையோ பேர் அந்த வயரைப் பார்த்திருக்கிறார்கள். வயர் வேலை தெரிந்த லாரி எலக்ட்ரீசியன்களும் அவர்களில் உண்டு. ஒருவரும் பிரித்துப் பார்த்ததில்லை. மஞ்சள் கயிற்றை அவிழ்ப்பதா? செம்புக் கம்பியை ரப்பர் காப்பதைவிடச் சாமியின் தொழிலை அந்தக் கயிறு நன்றாகக் காத்தது.

"தொட்டா என்ன ஆவும்?"

"பட்டுப்போவும்!"

"எது, வயரா?"

பின்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டான். பகவதி முடிச்சை அவிழ்த்தாள். ஒன்பது மாதத்துக்கு முன் அவள் கழுத்துக் கயிற்றை ஊரே நின்று அவிழ்த்தது. அவிழ்ப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். கடைசிச் சுற்று கழன்றதும், நகத்தளவு சுவிட்ச் ஒன்று வெட்கமில்லாமல் வெளியே வந்தது.

"அண்ணாச்சி, உம்ம பாட்டப் போடும்" என்றாள் கிளாட்வினிடம்.

அவர் செருகினார். பாட்டைக் காணோம். சுவிட்சைத் தட்டினார். மாதா பாட்டு வந்தது. இன்னொருமுறை தட்டினார். நின்றது. மறுபடி தட்டினார். வந்தது.

"பொருத்தம் இருக்கு" என்றார். தட்டினார். "பொருத்தம் இல்ல." தட்டினார். "இருக்கு... இல்ல... ஏலே பாண்டித்துரை! மூணு ஸ்டீரியோவாலே என் தலையில கட்டுன?"

சாமி, தேவகோபம், நாசம், மண்டை வெடிக்கும் என்று என்னென்னமோ சொல்லிக்கொண்டே பக்கத்துச் சந்தில் நுழைந்தார். மண்டை எதுவும் வெடிக்கவில்லை. காலடியில் தள்ளிவைத்திருந்த ஸ்டீரியோக்களில் ஆளாளுக்குத் தங்களுடையதைத் தேட ஆரம்பித்தார்கள்.

அதோடு ஊர் தெளிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? ஆத்தூர்க்காரர் ஒருவர் கைகூப்பிக்கொண்டு பகவதியிடம் வந்தார்.

"தாயி, ஒங்க கை ராசியான கை. என் ஸ்டீரியோவையும் ஒருக்கா தொட்டுக் குடுத்திருங்க."

பகவதி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணாச்சி, பெட்டியில என்ன போட்டிருக்குன்னு வாசிங்க. ஓட்டை இருக்கான்னு பாருங்க. வயரச் செருகுங்க. இதுக்கு ஒங்க கையே போதும்."

அவர் முகத்தில் அப்படியொரு ஏமாற்றம்.

கறுப்பு வயரை வைத்தே சிவனாண்டி காரில் ஸ்டீரியோவை மாட்டினான். பகவதி வண்டியைக் கிளப்பினாள். துறைமுகம் திரும்புகிற முக்கில் ஸ்பீக்கர் அதட்டியது:

"ஏளா, கண்ணாடியப் பாத்தியா? பாக்காமத் திருப்பாத!"

அவள் பார்த்தாள். பிறகு திருப்பினாள். செத்தவன் சொன்ன புத்தி அது. கண்ணோடும் மூச்சோடும் இருக்கிறவர்கள் அதைக் கேட்பதற்கு எந்தப் பொருத்தமும் தேவையில்லை.